கலசம், கருடன், மாமா

புதுப் போன் வாங்கியவனிடம் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. அப்படி ஒரு பொறுப்பை யாராவது தரமாட்டார்களா என்ற ஏக்கத்தில்தான் அவன் போனையே வாங்கியிருப்பான். ஊர் கூடி உட்கார்ந்திருந்த ஒரு பந்தலில் மானத்தைப் பறிகொடுத்து நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

அப்போது எனக்கு விழுப்புரத்தில் ஒரு பார்சல் ஆபீஸில் வேலை. பகலெல்லாம் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுவேன். சாயங்காலம் வெளியே வந்தால் நான் ஒரு போட்டோகிராபர். (யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானாகவே முடிவு செய்துகொண்டேன்.) மேம்பாலத்தில் நின்று சூரியன் மறைவதை எடுப்பேன். டீ கிளாஸிலிருந்து ஆவி கிளம்புவதை எடுப்பேன். எடுத்ததை எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, பார்த்தாயா என்று போன் போட்டும் கேட்பேன். என் நண்பர்கள் சிலர் அந்த வருஷம்தான் நம்பரை மாற்றினார்கள்.

அந்தப் போன் கேமராவில் இரண்டு மகிமைகள் இருந்தன. திரையில் எந்த இடத்தைத் தொடுகிறோமோ அந்த இடம் பளிச்சென்று விழும். விரலைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இது முதல் மகிமை. இரண்டாவது, போன் விற்ற கடைக்காரர் தன் கையாலேயே செட்டிங்கில் போய்த் திறந்துவிட்டது. திரையைத் தொட்ட மாத்திரத்தில் படத்தையும் அதுவே எடுத்துவிடும். பட்டனைத் தேட வேண்டியதில்லை. "டச் பண்ணீங்கன்னா போதும் சார், வேல முடிஞ்சிது," என்றார். அவர் வாக்கு அப்படியே பலித்தது.

இனி மாமா. என் அம்மாவின் தம்பி ஏழுமலை. ஒலக்கூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுவார், கொஞ்சம் கரும்பும் உண்டு. ஊரில் எதற்குக் குழு அமைத்தாலும் அவர்தான் தலைவர். குழு அமைக்க எதுவும் இல்லாத மாதங்களில் அவருக்கு உடம்பு சரியிருக்காது. அவருடைய ஒரே மகள் செல்வி, திண்டிவனத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தாள். எனக்கும் செல்விக்கும் கல்யாணம் என்பது சொந்தக்காரர்கள் வெகுகாலமாகக் கிண்டலுக்குச் சொல்லிவந்த விஷயம். அதை நாங்கள் இரண்டு பேரும் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது மாமாவுக்கு மட்டும் தெரியாது.

ஒரு வழியாக என் அம்மா பேச்சை எடுத்தாள். மாமா முடியாது என்று சொல்லவில்லை. "கும்பாபிஷேகம் முடியட்டும்க்கா. அதுல பாபு எப்படின்னு பாத்துக்கினு பேசலாம்," என்றார். பாபு என்பது நான். நடுவில் அரசாங்க வேலையில் இருக்கிற ஒரு மாப்பிள்ளை வீட்டார் வேறு வந்து, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, மறுபடி வருகிறோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். ஆகவே, என் வாழ்க்கை மாமா ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் கோபுரத்தில் ஏறி நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் கும்பாபிஷேகம் என்றால் கருடன் வந்தே ஆக வேண்டும். கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் வானத்தில் கருடன் வட்டமிட்டால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். குருக்கள் மந்திரத்தை விழுங்கினாலும் ஊர் மன்னிக்கும், அன்னதானத்தில் சாம்பார் தீர்ந்தாலும் ஊர் மன்னிக்கும். கருடன் வரவில்லையென்றால் மட்டும் தலைவர் ஏதோ தப்புப் பண்ணிவிட்டார் என்று பேசுவார்கள். ஏரிக்கரை ஊர்களில் பருந்து இல்லாத வானத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். அந்த ஒரு நாள் மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வராது.

வருவதோடு முடிந்தால் பரவாயில்லை. வந்ததற்குப் படம் வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களுக்கு முன்பே கும்பாபிஷேகம் முடித்துவிட்டு, மெயின்ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பேனர் வைத்திருந்தார்கள். கோபுர உச்சியில் அவர்கள் ஊர்த் தலைவர் கைகூப்பி நிற்கிறார். தலைக்கு மேலே சிறகை விரித்து ஒரு கருடன். மாமா திண்டிவனம் போகும்போதெல்லாம் அதன் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அந்தக் கருடன் தன்னையே முறைத்துப் பார்ப்பதாக அத்தையிடம் சொல்லிச் சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு.

அதனால் யாகசாலைக்குக் கால் நட்ட அன்றே என்னைக் கூப்பிட்டார்.

"மூணும் ஒண்ணா வரணும் பாபு. கலசம், கருடன், நானு."

"வந்துடும் மாமா."

"அவங்க போட்டோவுல கருடன் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்குது. நம்முது பெருசா வரணும்."

"ஜூம் பண்ணிடலாம் மாமா."

"ஜூம் பண்ணா நான் சின்னதாயிடுவனா?"

"நீங்களும் பெருசாத்தான் வருவீங்க."

மாமா என்னை அன்போடு பார்த்தார். நான் அந்தப் பார்வையில் பந்தல்காலே நட்டுவிட்டேன், என் கல்யாணத்துக்கு. வீடியோக்காரர் ஒருவரும் வந்திருந்தார். ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்தையும் அவரே எடுத்தவர் என்பதால், மாமா அவரைச் சமையல் பந்தல் பக்கம் அனுப்பிவிட்டார். கருடனைச் சொந்த ரத்தத்திடம்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

படம் எடுக்க எனக்குக் கிடைத்த இடம் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு வீட்டின் மொட்டை மாடி. முன்பக்கம் நல்ல மாடி ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரருக்கும் மாமாவுக்கும் போன குழுவிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. கோயில் கிழக்கு பார்த்தது; நான் மேற்கே நிற்கிறேன். காலை வெயில் நேராகக் கேமராவின் முகத்தில். செல்வியும் வந்து பக்கத்தில் நின்றாள், கோபுரத்தின் மேல் தூவுவதற்கு ஒரு தட்டு நிறையப் பூவோடு.

"எதிர்வெயிலா இருக்குதே பாபு. மூஞ்சி தெரியுமா?" என்றாள்.

"அதெல்லாம் டச் போகஸ் பாத்துக்கும்," என்றேன். (இந்த வாக்கியத்தை அவள் இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.)

கடம் புறப்பட்டது. மேளம், கொம்பு, வெடி. குருக்கள்மார் தலையில் குடத்தோடு சவுக்குக் கட்டைச் சாரத்தில் மளமளவென்று ஏறிப்போனார்கள். பின்னால் மாமா ஏறினார். ஒரு கட்டை ஏறுவார், நிற்பார், உதடு அசையும். மறுபடி ஒரு கட்டை. என்ன பக்தி என்று நினைத்தேன். ஒவ்வொரு படியிலும் அம்மனை வேண்டிக்கொள்கிறார் என்று செல்வியிடமும் சொன்னேன். செல்வி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமா உச்சிக்குப் போய்விட்டார். நான் போனை நிமிர்த்தி, முதல் காரியமாகக் கோபுரத்துக்கு மேலே இருந்த வானத்தைத் தொட்டேன். கருடன் வரப்போகிற இடம் அல்லவா. டிக். வானம் அருமையாக நீலமாக வந்தது. கோபுரமும் மாமாவும் அடுப்புக்கரி மாதிரி கறுத்துவிட்டார்கள். சரி என்று மாமாவைத் தொட்டேன். டிக். மாமா பிரகாசமாக வந்தார், பட்டுச் சட்டையின் பட்டன் வரை தெரிந்தது. வானம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. அதில் கருடன் வந்தாலும் ஒன்றுதான், விமானமே வந்தாலும் ஒன்றுதான்.

விழுப்புரம் மேம்பாலத்தில் இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. கருடனைத் தொட்டால் மாமா போய்விடுகிறார். மாமாவைத் தொட்டால் கருடன் போய்விடும். அம்மனா, மாமனாரா என்று போன் என்னைக் கேட்கிறது. நான் மாற்றி மாற்றித் தொட்டேன். ஒவ்வொரு தொடுதலுக்கும் டிக். அந்தச் சத்தம் போகஸ் ஆவதற்கான சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் திறந்துவிட்ட மகிமை வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதும், தொடும்போதெல்லாம் ஒரு படம் உள்ளே போய் விழுகிறது என்பதும் அந்தப் பதற்றத்தில் மண்டையில் ஏறவில்லை.

நடுவில் விரல் ஒரே இடத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டது. போகஸ் பூட்டிக்கொண்டது. எதன்மேல் என்றால், எனக்கும் கோபுரத்துக்கும் நடுவில் தொங்கிய மைக்செட் ஒயரின்மேல். அந்த ஒயரில் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப்பின் சுருக்கம்கூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால் கோபுரம், குருக்கள், மாமா எல்லாரும் கூழாகிக் கிடந்தார்கள்.

மேலே பச்சைக் கொடி அசைந்தது. வேட்டு போட்டார்கள். குடத்து நீர் கலசத்தில் விழுந்தது. "ஓம் சக்தி, பராசக்தி" என்று ஊரே கத்தியது. கத்தல் சட்டென்று மாறியது. கருடன், கருடன் என்று எல்லாப் பக்கமிருந்தும் குரல்.

"அதோ பாரு பாபு, வந்துச்சு," என்றாள் செல்வி.

"இரு, லாக்க எடுக்கறேன்."

"மேல பாருய்யா."

"இரு, இரு."

அந்த நேரம் பார்த்து கீழே தீர்த்தம் தெளிக்க ஆரம்பித்தார்கள். கையால் தெளித்தால் ஆயிரம் பேருக்கு எப்போது தெளித்து முடிப்பது? வயலுக்கு மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயரை வைத்திருந்தார்கள். (புது மெஷின், இதுவரை மருந்து படாதது என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.) ஸ்பிரேயர்க்காரர் மாடியில் நிற்பவர்களுக்கும் அருள் கிடைக்கட்டும் என்று குழாயை எங்கள் பக்கம் திருப்பினார்.

போன் திரை முழுக்கத் தீர்த்தம்.

தொடுதிரைக்கு விரலும் தெரியாது, தீர்த்தமும் தெரியாது. எது விழுந்தாலும் தொட்டதாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு துளிக்கும் ஒரு டிக். டிக் டிக் டிக் என்று அம்மனே படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பதறிப்போய் வேட்டி முனையால் திரையைத் துடைத்தேன். துடைத்ததில் கேமரா முன்பக்கம் திரும்பிக்கொண்டது. திரையில் என் முகம். டிக். இன்னொரு முறை துடைத்தேன். மறுபடி கோபுரம். டிக் டிக். ஊர் முழுக்க அண்ணாந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், குனிந்து வேட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரே பிறவி நான்.

எல்லாம் அடங்கியபோது வானத்தில் ஒன்றும் இல்லை. வெயிலில் திரையும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் உள்ளே ஏகப்பட்ட படங்கள் சேர்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. இத்தனையில் ஒன்றிலாவது கருடன் மாட்டாமலா போகும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தேன். மாமா விடவில்லை. சாரத்திலிருந்து இறங்கி வந்தவருக்கு முகமெல்லாம் வியர்வை, கால் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. ஆனாலும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "ஜல்தி வாடா, பந்தல்ல எல்லாரும் உக்காந்துக்கினு இருக்காங்க." அன்னதானப் பந்தலில் பெரிய டிவி ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். முதல் வரிசையில், மாலையோடு, ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்த் தலைவர். அவரைக் கூப்பிட்டதே இதற்காகத்தான். டிவிக்காரர் என் போனை வாங்கி ஏதோ செய்து, "கனெக்ட் ஆயிடுச்சுண்ணே, நீங்க தள்ளித் தள்ளி வுடுங்க," என்று கையில் கொடுத்தார்.

மாமா மைக்கைப் பிடித்தார்.

"நம்ம அம்மனுக்குக் கருடன் வந்தத நீங்க எல்லாரும் கீழருந்து பாத்தீங்க. நான் பக்கத்துலருந்து பாத்தேன். என் தலைக்கு நேரா மேல. அது என்னப் பாத்துச்சு, நான் அதப் பாத்தேன். கண்ணும் கண்ணும் பாத்துக்கினோம். அந்தக் காட்சிய நம்ம பாபு எடுத்துருக்கறான். பாருங்க."

நான் தள்ளினேன். கன்னங்கரேலென்று ஒரு கோபுரம். உச்சியில் ஒரு கரிக்கட்டை.

"அது நாந்தான்," என்றார் மாமா மைக்கில்.

அடுத்தது. வெள்ளை வானம், பட்டுச்சட்டை. அடுத்தது மறுபடி கரி. அடுத்தது மறுபடி சுண்ணாம்பு. இப்படியே கொஞ்ச நேரம் அமாவாசையும் பௌர்ணமியுமாகப் போனது. அதன் பிறகு மைக்செட் ஒயர் வந்தது. ஒயர், ஒயர், ஒயர். "ஒயரு நல்லா வந்துருக்குது," என்று இலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் உண்மையான பாராட்டாகவே சொன்னார். மைக்செட்காரர் எழுந்து கும்பிட்டார்.

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வேகமாகத் தள்ளினேன். டிவி முழுக்க என் முகம். வாய் திறந்திருக்கிறது, நாக்கு ஒரு ஓரமாகக் கடிபட்டிருக்கிறது, மூக்கின் உட்புறம் வெகு துல்லியமாகத் தெரிகிறது. சின்னப் பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். இதை மறைக்க வேண்டுமே என்று அவசரமாக இன்னும் ஒன்று தள்ளினேன்.

தள்ளியிருக்கக் கூடாது.

திரையில் எத்தனையோ துளி விழுந்ததில், ஒன்று சரியாக மாமாவின் முகத்தில் விழுந்திருக்கிறது. பூட்டு விட்டு, போகஸ் அங்கே போய், வெளிச்சமும் அங்கே சரியாகி, அப்படி ஒரு தெளிவு. நான் என் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே சிறந்த படம் அதுதான். அதை எடுத்ததும் நானில்லை. கோபுர உச்சியில் மாமா கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார். பல்லைக் கடித்திருக்கிறார். இரண்டு கையாலும் ஓர் இளம் குருக்களின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருக்கிறார். அந்தக் குருக்கள் ஒரு கையில் குடத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் வேட்டி அவிழாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

சாம்பார் வாளியோடு போனவர் அப்படியே நின்றார். அடுத்த படத்துக்குத் தள்ளினால் போதும். ஆனால் திரையும் இன்னும் ஈரம், என் விரலும் ஈரம், எவ்வளவு தேய்த்தும் நகரவில்லை.

அந்தப் பக்கத்து ஊர்த் தலைவர் மாலையைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "தலைவரு தியானத்துல இருக்காரு போல."

அத்தோடாவது போயிருக்கலாம். பரிமாறிக்கொண்டிருந்த அத்தை, பக்கத்திலிருந்த பெண்களிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "கல்யாணம் ஆன நாள்லருந்து எங்க வூட்ல பல்பு மாத்தறது நானு. முக்காலி மேல ஏறுனாலே இவுருக்குத் தல சுத்தும். இவுரு எதுக்கு அங்க போயி ஏறுனாரு?"

பந்தல் சரிந்து விழும் அளவுக்குச் சிரித்தார்கள். குருக்கள்மார் பக்கமிருந்துகூடச் சிரிப்பு வந்தது. மாமா மைக்கை மேஜைமேல் மெதுவாக வைத்தார். தோள் துண்டை உதறி மடித்துப் போட்டுக்கொண்டார். என்னைத் திட்டவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. பந்தலின் பின்வழியாக நடந்து போய்விட்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. செல்வி இனி எனக்கு இல்லை என்று ஒரு பக்கம். அதற்கும் மேலே, மாமா துண்டை மடித்த விதம் என்னால் தாங்க முடியவில்லை. பெயரில் ஏழு மலையை வைத்துக்கொண்டு முக்காலிக்குப் பயப்படுகிற மனுஷன், ஊருக்காக அத்தனை உயரம் ஏறியிருக்கிறார். அதை நான் டிவியில் போட்டுக் காட்டிவிட்டேன்.

சாப்பிடாமலே விழுப்புரம் பஸ் ஏறினேன். அம்மா போனில் பேசியதை எழுத முடியாது. அரசாங்க வேலை மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரம் வருகிறார்கள் என்ற செய்தியும் அதில் இருந்தது. பார்சல் ஆபீஸில் மூட்டைகளுக்குச் சீட்டை மாற்றி மாற்றி ஒட்டினேன். விக்கிரவாண்டிக்குப் போக வேண்டிய மூட்டை ஒன்று வேலூர் வரை போய் வந்தது.

ஒரு நாள் மாமாவே போன் செய்தார். "திண்டிவனம் வா. பேனர் கடையில நிக்கறேன். எல்லாப் போட்டோவும் எடுத்துக்கினு வா." குரலில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் போனேன்.

பேனர் கடைக்காரர் என் படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனை ஊரைப் பார்த்தவர்.

"கருடன் ஒண்ணுலயும் வுழலியே சார். அதுக்கின்னா, வச்சிக்கலாம்." ஒரு பட்டனைத் தட்டினார். சிறகை விரித்து ஒரு கருடன் வந்து நின்றது.

மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். "இது... ஏரிக்கு அந்தாண்ட ஊர்க்காரங்க பேனர்ல இருக்குற கருடனாட்டம் இருக்குதே."

"அதேதான் சார். இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லாக் கோயிலுக்கும் இதான் போடறது. நல்ல ராசியான கருடன்."

மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை நாள் தன்னை முறைத்துக்கொண்டிருந்தது கடையில் கிடைக்கிற சரக்கு என்று தெரிந்த மகிழ்ச்சி. இப்போது எழுந்து நின்று, எங்களுக்குப் பொய் வேண்டாம், கருடன் இல்லாமலே பேனர் போடு என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப நமக்கு ரெண்டு வை," என்றார்.

"ரெண்டா சார்?"

"ஒண்ண அந்தாண்ட பாக்கற மாதிரி திருப்பி வை. ஒரே கருடன்னு தெரியக் கூடாது."

கடைக்காரர் வைத்தார். மாமாவின் கையிலிருந்து குருக்களை வெட்டி எடுத்தார். அந்தக் கையை அப்படியே ஒட்டி, கும்பிடுகிற கையாக்கினார். "கண்ணு மூடியிருக்குதே சார். பழைய போட்டோ ஏதாவது இருந்தா குடுங்க, அதுல இருக்குற கண்ண வச்சிடலாம்." மாமா தன் போனில் தேடி, கல்யாண போட்டோவிலிருந்து ஒரு ஜோடிக் கண்ணைக் கொடுத்தார். முடிந்ததும் பார்த்தோம். அறுபதை நெருங்குகிற முகத்தில், அத்தையை முதல்முதலாகப் பார்த்த மிரட்சியோடு இரண்டு இளங்கண்கள். மேலே இரட்டைக் கருடன். மாமாவுக்குத் திருப்தி.

வெளியே வந்து டீ சொன்னார். டீ வந்தும் குடிக்கவில்லை. கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பாபு."

"சொல்லுங்க மாமா."

"நெசமாவே வந்துச்சாடா?"

"எது மாமா?"

"மேல போனதும் கண்ண மூடுனவன்தான். எறக்கிவுட்டப்புறந்தான் தொறந்தேன். ஊரே கருடன் கருடன்னு கத்துது, எனக்குக் காதுல வுழுது. தொறக்கணும்னு பாக்கறேன், முடியல. இத்தினி நாள் அலைஞ்சது அதப் பாக்கத்தான." மாமா கிளாஸை மறுபடி உருட்டினார். "யாரக் கேட்டாலும் சிரிப்பாங்க. நீதான் எதிர்லயே நின்ன. சொல்லு, வந்துச்சா?"

வந்தது மாமா, தலைக்கு மேலேயே நின்றது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கல்யாணம்கூட நடக்கலாம் என்பது மண்டையில் ஓடத்தான் செய்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நானும் பாக்கல மாமா. நான் போனத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். டீ சட்டையில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். "வேண்டிக்கினு ஏறுன நானும் பாக்கல. அதுக்குன்னே நிக்கவச்ச நீயும் பாக்கல. ஊர்ல மாடு மேய்க்கிறவன்லாம் பாத்துருக்கான்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "செல்வி பாத்தாளாம். மூணு சுத்து சுத்துச்சின்னு வூட்டுக்கு வந்து சொன்னா. இனிமே எதுவா இருந்தாலும் அவளக் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணும், நானும் நீயும்." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "ஒங்கம்மாவ நல்ல நாள் பாக்கச் சொல்லு."

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. தாலி கட்டுகிற அன்று என் போனை வாங்கி அத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள், மாமாவின் உத்தரவு.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்ததும், "செல்வி, அந்தக் கருடன் கதையச் சொல்லு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். என் நாக்கு கடிபட்டிருந்தது, நான் வேட்டியால் துடைத்தது, ஒயர், மூக்கு எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் கருடன் வரும். மூன்று சுற்றாக இருந்தது ஐந்தாகி, ஏழாகி, போன பொங்கலுக்குக் கலசத்தில் உட்கார்ந்து எழுந்தும் போனது. மாமா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பார். அவர் உதடுகூட அசையும்.

சமீபத்தில் ஒரு காலை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று செல்வி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "உண்மையிலயே அன்னைக்கு எத்தனை சுத்து சுத்துச்சு?"

"யாருக்குத் தெரியும்," என்றாள்.

"நீதான பாத்த."

"நான் எங்க பாத்தேன். எல்லாரும் கத்துனாங்க, நானும் கத்துனேன். நீ நாக்கக் கடிச்சிக்கினு அந்தப் போனோட மல்லுக்கு நின்னத வுட்டுட்டு மேல என்னத்தப் பாக்கறது? ஒன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்." டப்பாவைப் பையில் வைத்தாள். "இத எங்கப்பாகிட்ட சொல்லிடாத. அவுரு தாங்க மாட்டாரு."

மாமா ராசிபலனைத் தாண்டி எதையும் படிக்கிறவரில்லை. அந்தத் தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த மாதம் மாமா ஊரில் ஒரு காதுகுத்து இருக்கிறது. செல்வி மறுபடி சொல்வாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நேரில் பார்த்தவன் மாதிரித் தலையாட்டுவேன்.